ஜோடியாக வாங்கக் கூடாத மீன்கள்

கல்யாண வீட்டுக்குப் பரிசு வாங்கப் போனால் நம் ஆட்களுக்கு எல்லாமே ஜோடியாக வேண்டும். ஜோடிக் கிளி, ஜோடி மயில், ஜோடிக் குத்துவிளக்கு. அப்படியே வளர்ந்த என்னிடம், “எத்த வாங்குனாலும் வாங்கு, ஜோடியா மட்டும் வாங்கிடாதம்மா” என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் மேல்வீட்டு நைனாதான். அவர் மீனைப் பற்றித்தான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது.

நைனா என்பது அவர் பெயர் இல்லை. ராயபுரத்தில் ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அவர் மனைவிகூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டடத்தில் பெரியவர், சின்னவர் எல்லோருக்கும் அவர் நைனா. இங்கேயும் அதுவே இருக்கட்டும்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள். என் வீட்டுக்காரருக்குத் திருவொற்றியூரில் இரும்புச் சாமான் கடை. கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிற தூரத்தில் எங்கள் கட்டடம். நாங்கள் கீழே, எங்களுக்கு நேர் மேலே நைனா குடும்பம். அவர் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டி வரக்கூடாது என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே அவர் வேலை. அமிலம் இருக்கிற பெட்டி எங்கே, தீப்பிடிக்கிற சரக்கு எங்கே, இரண்டுக்கும் நடுவில் என்ன வைப்பது, இதுதான் வாழ்நாள் முழுக்க. யார்டு அவரை வீட்டுக்கு அனுப்பியதே தவிர, அவர் அந்த வேலையை விடவில்லை. கட்டடத்துக் கூட்டம் போட்டால், மோட்டார் விஷயத்தில் முறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். எதுவும் பேச மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார். சண்டை அவரைத் தாண்டிப் போக முடியாமல் தணிந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்கு மீன் ஆசை பல் டாக்டரால் வந்தது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனவர், அங்கே வைத்திருந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்துச் சொக்கிப்போய் வந்தார். அடுத்த வாரமே கொளத்தூரிலிருந்து மூன்றடித் தொட்டி ஒன்றும், காற்று அடைத்த பாலித்தீன் பைகளில் மீன்களும் வந்து இறங்கின. ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரியில் இருக்கிற மீனாம், சிக்லிட் என்று பெயராம். மஞ்சளில் இரண்டு, நீலத்தில் இரண்டு, ஆரஞ்சில் இரண்டு, வரி போட்டதில் இரண்டு. மனுஷன் எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாக வாங்கியிருந்தார். துணைக்கு ஒரு தங்கமீன் வேறு. கொஞ்ச நாளிலேயே தங்கமீனுக்கு வால் இல்லை. அதற்கப்புறம் தங்கமீனே இல்லை. பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று, காற்றுக் குழாய்க்குப் பின்னால் ஒண்டி நின்று, செதில் உதிர்ந்து, ஒருநாள் காலையில் மிதந்தது. கடைக்காரனுக்குப் போன் போட்டால் உங்கள் தண்ணீர் சரியில்லை என்றான்.

வாட்ச்மேன்தான் நைனாவைக் கூப்பிடச் சொன்னார். லுங்கியும் தோளில் துண்டுமாக வந்தவர், தொட்டிக்கு முன்னால் தரையில் குந்தி, நான் வைத்த காபி ஆறிப்போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தார். எனக்குக் குமட்டியது. எங்கள் போர் தண்ணீர் எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாளியில் வெள்ளை படியும், பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி கையோடு வரும். நைனாவோ, நமக்கு ஆகாத இந்தத் தண்ணீர்தான் இந்த மீன்களுக்குப் பால் மாதிரி, அந்த ஏரியிலும் இப்படிக் கடுத்த தண்ணீர்தான் என்றார். தண்ணீர் மேல் பழி போடாதே, தப்பு ஜோடியில் இருக்கிறது என்றார்.

“ஜோடின்னு உட்டா ஆம்பளைக்கு வேற வேலையே இல்லம்மா. பொம்பளயத் தொரத்திகினே இருக்கும். அது எங்க ஓடும்? ஒரு ஆம்பளைக்கு நாலு பொம்பள, சுத்தி வேற கலர்ல வேற கூட்டம். அப்பத்தான் அடி ஒருத்தி மேலயே வுழாது. பிரிஞ்சி வுழும்.”

நாலு பொம்பளை என்றதும் என் வீட்டுக்காரர் இளித்தார். நான் முறைத்த முறைப்பில் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் சொன்னது எதுவும் எனக்கு மறக்கவில்லை. ஒரே நிறத்தில் இரண்டு ஆண் வேண்டாம், ஒன்றை ஒன்று எதிரியாகப் பார்க்கும். புது மீன் விடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற கல்லையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்க வேண்டும். இது என் பொந்து, இது என் மூலை என்று எல்லாம் வைத்திருக்கும். கலைத்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாமல் திருதிருவென்று முழிக்கும். முழிக்கிற நாளில் அடிக்காது. இத்தனையும் செய்த பிறகும் ஒரு மீன் அடித்துக்கொண்டே இருந்தால், அடிபடுகிற மீனை எடுக்காதே என்றார். அதை எடுத்தால் அடுத்தது அடிபடும். அதையும் எடுத்தால் அதற்கு அடுத்தது. “அடிக்கிறத எடு. மத்ததெல்லாம் தானா பொயச்சிக்கும்.” இதை அவர் யாரிடமும் இரண்டு தடவை சொல்லாமல் விட்டதில்லை.

எங்களுக்கு மீன் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். கடைக்குப் போக வேண்டாம், என்னிடமே இருக்கிறது, தருகிறேன் என்றார். சில நாள் கழித்து ஒரு வாளியோடு இறங்கி வந்தார். உள்ளே ஒரு மஞ்சள் மீன். முதுகுத் துடுப்பில் பாதியைக் காணோம். இன்னொரு நாள் ஒரு நீலம், அதற்கு ஒரு கண் மங்கல். பிறகு வால் கிழிந்தது ஒன்று. கொடுக்கிறவர் நல்லதாகப் பார்த்துக் கொடுக்கக் கூடாதா என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு. ஆனால் எங்கள் தொட்டியில் அந்த மீன்கள் தேறின. துடுப்பு திரும்ப முளைத்தது. ஒன்றை ஒன்று துரத்தாமல், கல்லுக்குள் நுழைந்து கல்லுக்குள்ளிருந்து வெளியே வந்து, அவை பாட்டுக்கு இருந்தன.

மேல்வீட்டில் அவர் வைத்திருந்தது பெரிய தொட்டி, கூடத்துச் சுவரில் பாதி. ஏதோ சமையல் பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் அதை முதலில் நின்று பார்த்தேன். நடுவில் இருந்த பாறைக் குவியல் முழுவதும் ஒரே ஒரு மீனுடையது. கறுப்பு உடம்பு, மேலே வெளிறிய வரி. மற்ற மீன்களெல்லாம் மேல் மூலையில் கும்பலாக நின்றன. ஒன்று கொஞ்சம் இறங்கினால் போதும், கறுப்பன் பாய்ந்து வருவான். எனக்குக் கொடுத்ததெல்லாம் இவனிடம் அடிபட்டதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் சுவரில் ஒரு போட்டோ, வெள்ளைக் கோட்டும் கையில் மெழுகுவத்தியுமாக ஒரு பையன், சர்ச்சில் முதல் அப்பமான புதுநன்மை வாங்கியபோது எடுத்தது. அவருடைய மூத்த மகன்.

“அடிக்கிறத எடுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. உங்க தொட்டியில ஏன் நைனா எடுக்கலை?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார். “சின்னதுல மஞ்சளா இருந்துச்சிம்மா. தங்கக் கலரு. என் கையிலயே வந்து சாப்டும். வளர வளரத்தான் கறுத்துச்சி. சின்னதுலேர்ந்து வளத்தது, எப்டி எடுக்கறது?”

பெரியவன் என்றுதான் மூத்த மகனை வீட்டில் சொல்வார்கள். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். வெளியில் பார்த்தால் அவனைப் போல் தங்கமான பிள்ளை இல்லை. என்னை அக்கா என்பான். கேஸ் சிலிண்டரைக் கேட்காமலே தூக்கி உள்ளே வைப்பான். ஸ்டெல்லாவைக் கட்டி வந்த புதிதில் அவளுக்காகப் பூவும் அல்வாவும் வாங்கிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். ஸ்டெல்லா காத்திவாக்கத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கழிமுகத்தில் இறால் பிடித்து விற்கிறவர். நிறையப் பேசுகிற பெண்ணாக வந்தவள், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தாள். மேலே ஏதாவது பாத்திரம் விழும். பிறகு ஒரு அமைதி. கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு நான் கூரையைப் பார்ப்பேன். மறுநாள் நல்ல வெயிலில் நைட்டிக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு துணி காயப்போட வருவாள்.

இதற்கிடையில் நைனாவின் வேலைகள் கட்டடத்துக்கே வேடிக்கையாக இருந்தன. பத்து நாளைக்கு ஒரு தரம் வீட்டைக் கலைப்பார். கூடத்தில் இருந்த கட்டில் உள்ளறைக்குப் போகும், உள்ளறை பீரோ நடைக்கு வரும், டிவி சுவர் மாறும். எங்கள் கூரைக்கு மேல் கட்டில் இழுபடும் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரர், நைனா கல்லைக் கலைக்கிறார் என்பார். காலையில் எழுந்து போனால் அடுப்பு இருந்த இடத்தில் அடுப்பு இல்லை என்று அவர் மனைவி என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொள்வார். நான் அவரை ஆன்ட்டி என்பேன். நாற்பது வருஷமாக ஒருத்தனோடு குடித்தனம் பண்ணியும் எனக்கென்று ஒரு அஞ்சறைப் பெட்டி வைக்க நிரந்தரமாக ஒரு இடமில்லை என்பார் ஆன்ட்டி.

கலைப்பது போதாதென்று ஆள் சேர்ப்பது வேறு. காசிமேட்டில் இருந்த விதவைத் தங்கையைக் கூட்டி வந்தார். பேசின் பிரிட்ஜ் பக்கம் தனியாக அறை எடுத்திருந்த சின்ன மகனை, செலவு எதற்கு என்று சொல்லித் திரும்ப வரவழைத்தார். கல்லூரியில் படிக்க வந்த ஆன்ட்டியின் அண்ணன் மகனையும் விடவில்லை. இரண்டு அறை வீட்டில் இத்தனை பேர். கட்டடத்தில் அதற்குச் சத்திரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான்.

மத்தியானங்களில் ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் உட்காருவாள். பாதித் துடுப்போடு வந்த அந்த மஞ்சள் மீன் அவளுக்குப் பிடிக்கும். ஒருநாள் மேலே கட்டில் இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் வழக்கம்போல் ஏதோ கேலி சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “எனக்காகத்தாங்க்கா மாமா இழுக்குறாரு. எங்க வீட்டுக்காரரு குரலு ஏறுனா மாமா கட்டில இழுத்துருவாரு. எல்லாரும் ஒரு கை பிடின்னு கூப்டுவாரு. அன்னிக்கி அப்டியே போயிடும்,” என்றாள். நைனாவின் தங்கையையும் கொழுந்தனையும் கூட்டி வந்து வீட்டை நிரப்பியதும் அதற்குத்தான் என்றாள். ஆள் நிறைய இருந்தால் பெரியவன் கோபம் சோற்றின் மேல் போகும், தம்பியின் மேல் போகும், அத்தையின் டிவி சீரியல் மேல் போகும். அவள் மேல் வருவது கொஞ்சம் குறையும்.

எனக்கு அவரை நினைத்து உருகத் தோன்றவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது. அடி பிரிந்து விழுந்தாலும் அடிதானே? பெற்ற மகன் பெண்டாட்டியை அடிப்பதை நிறுத்த வழி தெரியாமல், ஒரு மனுஷன் பீரோவைத் தள்ளிக்கொண்டு திரிகிறாரே என்று வெறுப்பாக இருந்தது. மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம், நான் கூட வருகிறேன் என்றேன். ஸ்டெல்லா வேண்டாம் என்று தலையாட்டினாள். இரண்டு முறை அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். இரண்டு முறையும் அனுசரித்துப் போ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் படிக்கட்டில் நைனாவைப் பிடித்துக்கொண்டேன். வெடுக்கென்றுதான் கேட்டேன். அடிபடுகிறதை எடுத்தால் அடுத்தது அடிபடும் என்று எனக்குச் சொன்னீர்களே, உங்கள் வீட்டில் எதை எடுக்கப் போகிறீர்கள் என்றேன். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்கள் வீட்டில் அந்த ஒற்றைக் கண் நீலம் சாப்பிடுகிறதா என்று கேட்டார்.

பெரியவன் எர்ணாவூரில் வீடு பார்த்துவிட்டான் என்ற செய்தி அதற்குப் பிறகு வந்தது. கம்பெனிக்குப் பக்கம். இந்தக் கூட்டத்தில் மனுஷன் இருப்பானா, கட்டில் எங்கே இருக்கிறது என்று தினமும் தேட வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே எல்லோருக்கும் பட்டது. ஸ்டெல்லாவின் அம்மாவுக்குச் சந்தோஷம். ஆன்ட்டிக்குச் சந்தோஷம். புருஷன் பெண்டாட்டி தனியாகப் போனால் எல்லாம் சரியாகிவிடும், இந்த மாமனார் கொஞ்சமா படுத்தினார் என்று கட்டடமே பேசியது. என் வீட்டுக்காரர்கூட அதையேதான் சொன்னார்.

நைனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். உள்ளறையை முழுவதும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன் என்று பெரியவனிடம் கேட்டுப் பார்த்தார். தொட்டியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தையும் தருகிறேன் என்றார். தங்கையைத் துணைக்கு அனுப்புகிறேன் என்றார். எதற்கும் அவன் மசியவில்லை. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் குந்தினார். மீன்களுக்கு நான் தீனி போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “ரெண்டே பேரும்மா. கதவ சாத்திகினா ரெண்டே பேரு. எங்க ஓடும் அது?” என்றார். அவர் மீனைப் பற்றிப் பேசவில்லை. நான் அவரைத் திரும்பிப் பார்த்ததில் தீனி அதிகமாக விழுந்துவிட்டது.

சாமான் ஏற்ற வண்டி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய நேரம். சின்ன வண்டிதான். பீரோ, கேஸ் அடுப்பு, இரண்டு மூட்டை, கயிறு கட்டிய மெத்தை. ஸ்டெல்லா ஒரு பையோடு கீழே இறங்கி வந்து, எங்கள் வாசலில் நின்று உள்ளே தொட்டியைப் பார்த்தாள். பெரியவன் வண்டியருகில் நின்று கூப்பிட்டான். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது குரல் மாறியிருந்தது. அவள் நடந்தாள்.

நைனா படியிறங்கி வந்த வேகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வண்டியின் பின்கதவுக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவில் வந்து நின்றார். கூட்டத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற மாதிரியேதான். ஆனால் இந்தத் தடவை பேசினார்.

“நீ ஏறாதம்மா. மேல போ.” மகன் பக்கம் திரும்பினார். “நீ கெளம்பு.”

பெரியவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அப்பாவின் சட்டையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். அவர் வண்டியில் மோதிக்கொண்டார். அங்கேயே நின்றார். வாட்ச்மேனும் என் வீட்டுக்காரரும் நடுவில் போனார்கள். இவள் என்னோடு வரவில்லை என்றால் இனி இந்த வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று பெரியவன் கத்தினான்.

“மெதிக்காத,” என்றார் நைனா.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்குள் நுழைந்து கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. கடைசியில் மனுஷன் செய்துவிட்டாரே, அடிக்கிறதை எடுத்துவிட்டாரே என்று மனசு துள்ளியது.

அதே நேரம்தான் ஆன்ட்டி நடந்தார். மகனுடைய தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், யாரையும் பார்க்காமல் வண்டியின் முன்பக்கம் போய் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “எம்புள்ள ஒண்டியா கெடந்து சாவணுமா? நான் போயி ஆக்கிப் போடறேன்,” என்றார். நைனா ஓடிப்போய் வண்டிக் கதவைப் பிடித்தார். கெஞ்சினார். ஆன்ட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்தின மனுஷனோடு எனக்குப் பேச்சில்லை என்றார். பெரியவன் பின்னால் ஏறி மெத்தை மேல் உட்கார்ந்தான். வண்டி போய்விட்டது.

தெருவில் நின்றவர்கள் கலைந்தார்கள். நல்ல காரியம் செய்தீர்கள் நைனா என்று சொல்ல நான் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினார். யார்டில் தூரத்திலிருக்கும் கிரேன்காரனுக்குக் காட்டுகிற மாதிரி. எர்ணாவூர் வீட்டில் இப்போதும் இரண்டே பேர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு அவர் எர்ணாவூருக்கும் திருவொற்றியூருக்கும் ஷேர் ஆட்டோவில் போய்ப் போய் வந்தார். ஆன்ட்டி நன்றாக இருப்பதாகச் சொல்லியனுப்பினாராம். கதவைப் பாதி திறந்துதான் பேசினாராம். சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாராம். கூட்டி வந்துவிடுங்கள் என்றேன். கூப்பிடாமலா இருக்கிறேன், வரமாட்டேன் என்கிறாள், பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்கிறாள் என்றார்.

ஒரு காலை, வெயில் ஏறுவதற்குள், தோளில் ஒரு பையோடு கீழே வந்தார். ஸ்டெல்லாவையும் கையோடு கூட்டி வந்திருந்தார். மீன் தீனி டப்பாவையும் வலையையும் அவளிடம் கொடுத்து, எவ்வளவு போட வேண்டும், தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும் என்று என் முன்னாலேயே சொன்னார். தங்கையும் சின்னவனும் உன்னோடு இருப்பார்கள், இது உன் வீடு, உன் அடுப்பை உனக்குப் பிடித்த இடத்தில் வைத்துக்கொள் என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. அறுபது வயதைத் தாண்டிய ஆள், அவன் தள்ளினால் விழுந்துவிடுகிற ஆள், எர்ணாவூருக்குக் குடி போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கத்தினேன். போலீஸுக்குப் போவோம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“ஒண்ணும் செய்ய வாணாம்மா. மூணாவதா ஒரு ஆளு இருந்தா போதும். கொஞ்சம் பிரியும்.”

அவர் போன அன்றே ஸ்டெல்லா ஒரு காரியம் செய்தாள். தொட்டியிலிருந்த கற்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, ஒளிய இடமில்லாமல் நின்ற கறுப்பனை வலையில் பிடித்தாள். மூடி போட்ட வாளியில் விட்டு, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆட்டோவில் கொளத்தூர் போய், ஒரு கடையில் சும்மா கொடுத்துவிட்டு வந்தாள். மூலையில் நின்ற மீன்களெல்லாம் அன்று சாயங்காலமே கீழே இறங்கி வந்து மேய்ந்தன. அவள் அதை நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. பிறகு அடுப்பை ஜன்னல் ஓரமாக நகர்த்தினாள். அது அப்புறம் அங்கிருந்து நகரவே இல்லை.

நைனாவை நான் கடைசியாகப் பார்த்தது திருவொற்றியூர் மார்க்கெட்டில், ஒரு மத்தியானம். காய்கறிப் பையோடு ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். இடது கண்ணுக்குக் கீழே வீங்கி, பழைய காயம் மஞ்சள் பூத்து, அதன் மேலேயே புதிதாக ஒன்று கறுத்திருந்தது. அந்தப் பக்கத்துக் கை சரியாக மடங்கவில்லை. என்ன நைனா இது என்று கேட்டேன். அவர் அதைக் கேட்காதவர் போல, “உங்க ஆன்ட்டி மேல ஒண்ணும் வுழலம்மா. நல்லா கீறா,” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரைக்கும் பொறுக்க முடியவில்லை.

மீன்களைப் பற்றிக் கேட்டார். மஞ்சள் நன்றாக இருக்கிறது, நீலம் பெருத்துவிட்டது என்றேன். தயங்கித் தயங்கி, கறுப்பனை ஸ்டெல்லா பிடித்துக் கடையில் கொடுத்துவிட்டாள் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்தார்.

“கடைல அத்த ஒண்டியாத்தானே உட்டான்? கூட எதயும் போடலயே?”

தனித் தொட்டியில்தான் விட்டான், நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அப்போ சரி என்று தலையாட்டினார். எர்ணாவூர் ஆட்டோ ஒன்று ஏற்கெனவே நிறைந்து வந்து நின்றது. அடுத்ததில் போகலாமே நைனா, ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கையைப் பிடித்தேன். அவர் கையை உருவிக்கொண்டு, கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினார்.

“இல்லம்மா, ஷிப்டு முடிஞ்சி பெரியவன் வர்ற நேரம். அவ ஒண்டியா கீறா.”